மூன்று புதன்கிழமைகள்

கட்டிலுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலைத் துப்பறிவாளர் செங்கல்வராயன் குனிந்து பார்த்தார். பார்த்த வேகத்திலேயே நிமிர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தோரு வருடம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். போலி பாஸ்காரர்களையும் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர்களையும் அசராமல் சமாளித்தவர். ரத்தம் மட்டும் அவருக்கு ஆகாது.

"மயக்கம் வந்தா சொல்லிட்டு வுழுங்க சார். பக்கத்து பெட்டு காலியாத்தான் கீது" என்றாள் அவருடைய உதவியாளர் பிரிசில்லா.

கட்டிலில் சாய்ந்திருந்த கீர்த்தனா சிரிக்கப் போய், வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள். அந்த விலாவில் சொருகியிருந்த குழாய்தான் பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியை. வாலிபால் அடித்து அடித்து அகன்ற தோள்.

"சிரிக்க வைக்காதம்மா. குத்துது."

"சிரிப்பு வருது பாரு இவளுக்கு" என்றார் அவளுடைய அண்ணன் ஜானகிராமன். நான்கு லாரிகளுக்குச் சொந்தக்காரர். செங்கல்வராயனை அமர்த்தியவரும் அவர்தான். "நேத்து மூச்சு வுட முடியாம தூக்கிகினு வந்தோம் சார். ஜூன்ல ஒரு வாட்டி, ஜூலைல ஒரு வாட்டி, இப்ப ஆகஸ்ட்ல. மூணு வாட்டியும் அதே வலது நெஞ்சுல ரத்தம். அவன் கைய வச்சிகினுதான் இருக்கான். இவ வாயத் தொறக்க மாட்டேங்கறா."

அவன் என்றது கீர்த்தனாவின் கணவன் காசிநாதனை. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் ஏசி மெக்கானிக். ஒல்லியாக, எதிரில் வருபவருக்கெல்லாம் வழிவிட்டே பழகியவன். மச்சான் உள்ளே விடாததால் வராந்தாவில் நின்றிருந்தான்.

"அவரு அடிச்சாரா?" கீர்த்தனா அண்ணனைப் பார்த்தாள். "எங்க வூட்ல ஊறுகா பாட்டில் மூடியக் கூட நான்தான் தொறந்து குடுக்கறேன்."

"சார், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உங்களுக்கு டைம். ஆதாரம் கெடச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, மகளிர் ஸ்டேஷன்ல நான் கம்ப்ளெயின்ட் குடுத்துடுவேன்" என்றார் ஜானகிராமன்.

அப்போதுதான் நெஞ்சு நோய் டாக்டர் ஜெபக்குமார் வந்தார். கீர்த்தனா அவரிடம், "இவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க டாக்டர். எங்கண்ணன் வாய மூடுனா போதும்" என்றாள்.

டாக்டர் சொன்னார். "நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிய உறை இருக்கு. நடுவுல வழக்கமா ரெண்டு ஸ்பூன் தண்ணி இருக்கும், அவ்வளவுதான். இவங்களுக்கு அந்த இடத்துல ரத்தம் சேருது. முன்ன ரெண்டு தடவை வேற இடத்துல ஊசி வச்சு எடுத்திருக்காங்க. நேத்துதான் எங்கிட்ட வந்தாங்க. முக்கால் லிட்டர் எடுத்திருக்கேன்."

"அடிதானே காரணம்?" என்றார் ஜானகிராமன்.

"பெரும்பாலும் அடிபட்டாத்தான் இப்படி ஆகும். ஆனா விலா எலும்புல ஒரு கீறல் இல்ல, தோல்ல ஒரு தடம் இல்ல. காசநோய்லயும் வரும். டெஸ்ட் நெகட்டிவ். புத்துநோய்லயும் வரும். அந்த மாதிரி செல் எதுவும் கிடைக்கல. நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருந்தா வரும். ஸ்கேன்ல அடைப்பு இல்ல. பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருந்தா இந்நேரம் இவங்க உங்களோட சண்டை போட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க."

"மிச்சம்?" என்றார் செங்கல்வராயன், இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே.

"ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கற மருந்து. அளவு மீறினா தானா உள்ளுக்குள்ள கசியும். எலி மருந்துல கூட அந்த ஜாதி ஒண்ணு உண்டு. ஆனா இவங்களுக்கு..."

செங்கல்வராயன் மீதியைக் கேட்கவில்லை. எலி மருந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே குடையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

பிரிசில்லா இரண்டு நிமிடம் கழித்து வந்தாள். அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்த சிறிய நோட்டை விரித்து வைத்திருந்தார்.

"ஜூன் பதினொண்ணு. ஜூலை ஒன்பது. ஆகஸ்ட் ஆறு. இந்த மூணு தேதியிலும்தான் கீர்த்தனாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கு. என்ன ஒற்றுமை, சொல்லு."

"மூணுலயும் நமக்கு வேல இல்ல."

"மூணும் புதன்கிழமை." தம்மையே மெச்சிக்கொள்வது போல் தலையசைத்தார். "இன்னொன்று. எதிர்வீட்டு முனியம்மா ஜானகிராமன்கிட்ட சொன்னது. ஒவ்வொரு தடவையும் முந்தின நாள், அதாவது செவ்வாய்க்கிழமை, காசிநாதன் செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைச்சு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கான். ஜன்னல் வழியா அவ பார்த்தப்ப, நேரா படுக்கையறை பீரோவுக்குள்ள போயிருக்கு. செவ்வாய் பொட்டலம், புதன் ரத்தம். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. இன்னொரு கல்யாணத்துக்கு ஆசைப்படறான். இப்ப உனக்கு என்ன தோணுது?"

"செவ்வாக்கெழமை எலி மருந்துக்கு தள்ளுபடின்னு தோணுது."

அந்த நேரத்தில் ஜானகிராமன் தேநீர் குடிக்கக் கீழே போனார். காசிநாதன் சட்டென்று வார்டுக்குள் நுழைந்தான். கதவிடுக்கு வழியாக இருவரும் பார்த்தார்கள். கீர்த்தனாவும் அவனும் தலையோடு தலை வைத்து ஏதோ ரகசியம். அவன் வெளியே வந்து நர்ஸிடம், "ரிசார்ட்ல சாவிய குடுத்துட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

"பார்த்தாயா? காதோடு மிரட்டிவிட்டுப் போகிறான்."

"பேசுனது அந்தக்கா சார். தலையாட்டுனதுதான் அவரு."

செங்கல்வராயன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

*

காசிநாதனின் பைக்குக்கு நூறு அடி பின்னால் பிரிசில்லாவின் ஸ்கூட்டர் திருக்கழுக்குன்றம் சாலையில் போனது. பின்சீட்டில் செங்கல்வராயன் மாறுவேடத்தில் இருந்தார். மாறுவேடம் என்றால் பூப்போட்ட சட்டை, ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணியாகக் கலந்துவிடுவது திட்டம்.

"எப்படி இருக்கு?"

"பொண்ணு பாக்கப் போறப்ப மழையில மாட்டுன மாப்ள மாதிரி கீது."

ரிசார்ட் வாசலில் கலப்பது கொஞ்சம் அதிகமாகவே நடந்துவிட்டது. பாசிமணி விற்கும் ஒரு பெண் அவர் கழுத்தில் மூன்று சங்கு மாலைகளைப் போட்டுவிட்டு அவரிடம் இந்தியில் பேசினாள். குதிரைக்காரர் ஒருவர் குதிரையை அவரோடு அணைத்து நிறுத்தினார். பக்கத்துப் பட்டறையில் கல் கொத்திக்கொண்டிருந்தவர், மூக்கு உடைந்த பிள்ளையாரைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். காசிநாதன் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது துப்பறிவாளர் குதிரைக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் சிக்கியிருந்தார். பிரிசில்லாதான் தொப்பியைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பைக் வந்த வழியே திரும்பியது. பஸ் நிலையம் பக்கம் இரண்டு மருந்துக் கடைகள். இரண்டையும் காசிநாதன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். இரண்டிலும் ஆட்கள். நிற்காமல் போய்விட்டான். ஊரைத் தாண்டி, பூஞ்சேரி கூட்டு ரோட்டில் தனியாக இருந்த சின்ன மருந்துக் கடை முன்னால் பைக்கை நிறுத்தினான். கடையில் வேறு யாருமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஏறினான்.

"கவனி. டிக்கெட் இல்லாதவனோட முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்கணும். கை தானா மறைக்க வேண்டிய இடத்துக்குப் போகும்."

கடைக்காரர் உள்ளே போய் எதையோ எடுத்து வந்து, செய்தித்தாளில் நான்கு மடிப்பு சுற்றி, சணல் கயிறு போட்டார். காசிநாதன் அதை வாங்கிச் சட்டைக்குள் தள்ளி, பட்டனைப் போட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே பைக்கில் ஏறினான்.

செங்கல்வராயனுக்கு வியர்த்துவிட்டது. "இன்றைக்கு வியாழன். வழக்கத்துக்கு மாறா இரண்டாவது பொட்டலம். முதல் தவணையில் அவள் சாகவில்லை, பிரிசில்லா. ஆஸ்பத்திரியிலேயே கதையை முடிக்கப் போகிறான்."

கடைக்காரர் பெயர் நரசிம்மன். எழுபது வயது இருக்கும். செங்கல்வராயன் கேட்டதற்கு, "அதெல்லாம் சொல்றதில்லீங்க. அவரு பாவம், கூச்சப்படற மனுஷன்" என்றார்.

"எவ்வளவு நாளா வாங்குகிறார்?"

"அது ஆவும் ரெண்டு வருஷம். மாசாமாசம் வருவாரு. இருக்கறதுலயே பெருசா குடுங்கன்னுவாரு. சின்னது பத்தலையாம்."

ஸ்கூட்டருக்கு ஓடும்போது செங்கல்வராயனின் கழுத்தில் சங்கு மாலைகள் கலகலத்தன. "கேட்டாயா? சின்ன அளவு போதவில்லையாம். இரண்டு வருஷமா அந்தப் பெண்ணுக்கு..."

பிரிசில்லா ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. கடையின் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். வேகமா போவலாம். நாம போறதுக்குள்ள அந்தாளு மச்சான்கிட்ட மாட்டாம இருக்கணும்."

*

மாட்டிவிட்டான். அவர்கள் படியேறி வந்தபோது வார்டு வாசலில் ஜானகிராமன் மாப்பிள்ளையின் வழியை மறித்துக்கொண்டு நின்றார். செங்கல்வராயன் வரும் வழியிலேயே போனில் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தார். வராந்தாவில் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"சட்டைக்குள்ள இன்னா?"

"இங்க வேணாம் மச்சான். உள்ள குடுத்துட்டு வந்துடறேன்."

"என் தங்கச்சிக்கு இன்னா குடுக்கப் போற? எடு வெளிய."

"சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள் பிரிசில்லா. அவள் யாரைச் சொன்னாள் என்று தெரியாமல் எல்லா ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஜானகிராமனின் கை அதற்குள் சட்டைக்குள் போய்விட்டது. பொட்டலத்தைப் பிடுங்கி, கயிற்றை அறுத்து, செய்தித்தாளைக் கிழித்தார்.

உள்ளிருந்து இரண்டு பாக்கெட் நாப்கின் வராந்தாவில் விழுந்தது. ஒன்று சறுக்கிக்கொண்டு போய்ச் செங்கல்வராயனின் செருப்பில் முட்டி நின்றது. பெரிய சைஸ்.

கூட்டத்தில் இருந்த ஆண்கள் அவரவர் உறவினர்களைத் திடீரென்று ஞாபகப்படுத்திக்கொண்டு கலைந்தார்கள். வார்டு ஆயா செங்கம்மாள் வெளியே வந்து, "கொண்டாந்துட்டீங்களா? ஒரு மணி நேரமா அந்தப் பொண்ணு கேட்டுகினு கீது" என்று இரண்டையும் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

செங்கல்வராயன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இல்லாமல் காசிநாதனைப் பார்க்க முடியாது போலிருந்தது. "நான் துப்பறிவாளர் செங்கல்வராயன். நீங்கள் மனைவிக்கு எலி மருந்து கொடுப்பதாக நினைத்துவிட்டேன்."

காசிநாதன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே யோசித்தான். "எலி மருந்து செங்கல்பட்டுலயே கெடைக்குமே சார். பூஞ்சேரிக்கு எதுக்குப் போவணும்?"

"அப்ப இதுக்கு மட்டும் எதுக்குப் போனீங்க?"

"இங்க கடையில கேட்டா, 'அண்ணனுக்கு டபுள் எக்ஸெல் ஒண்ணு'ன்னு உள்ள பாத்து சத்தமா சொல்றாங்க சார். நான் ஏசி மாட்டுன வூட்டுக்காரங்க நாலு பேரு பக்கத்துல நிப்பாங்க. அந்தப் பெரியவருதான் ஒண்ணும் கேக்காம சுத்திக் குடுப்பாரு."

பிரிசில்லா சிரிக்கவில்லை. அது வழக்கத்துக்கு மாறானது. அவள் செங்கல்வராயனின் பையிலிருந்து நோட்டைத் தானே எடுத்து, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சார், ஜூன் பதினொண்ணுக்கும் ஜூலை ஒம்போதுக்கும் நடுவுல எத்தினி நாளு?"

"புதனுக்குப் புதன். நாலு வாரம்."

"நாள்ல சொல்லுங்க."

"இருபத்தெட்டு."

"ஜூலை ஒம்போதுக்கும் நேத்திக்கும்?"

"இருபத்தெட்டு." செங்கல்வராயன் பெருமையாக நிமிர்ந்தார். "அதைத்தானே காலையிலேயே சொன்னேன், மூணும் புதன்கிழமை என்று..." பாதியில் நிறுத்திவிட்டார். மூன்று தங்கைகளோடு பிறந்தவர்தான். அவருக்கு இப்போதுதான் முகம் சிவந்தது.

"கெழமைய பாத்தீங்க, கணக்க பாக்கல" என்று சொல்லிவிட்டு பிரிசில்லா வார்டுக்குள் போனாள்.

கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, மூச்சு முட்டுன மூணு நாளும் உங்களுக்கு பீரியட்ஸ்தானே?"

"ஆமா. மொத நாளே நெஞ்சு புடிச்சுக்குது. வயித்து வலிதான் மேல ஏறிடிச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"நெஞ்சு டாக்டர்கிட்ட இத எதுக்கும்மா சொல்லணும்?"

*

டாக்டர் ஜெபக்குமார் நோட்டிலிருந்த தேதிகளை இரண்டு தடவை படித்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"இருமல் கேட்டேன், காய்ச்சல் கேட்டேன், எடை குறைஞ்சுதான்னு கேட்டேன். இதை நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு பிரிசில்லாவைப் பார்த்து, "நீங்க நர்ஸிங் படிச்சிருக்கீங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர். பொண்ணா பொறந்திருக்கேன்."

செங்கல்வராயன் தொண்டையைக் கனைத்தார். "எலி மருந்து...?"

"நேத்தே ரத்தம் உறையற டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல். காலையிலயே சொல்ல வந்தேன், நீங்க குடையோட போயிட்டீங்க. இவங்க கேட்டுட்டுதான் வந்தாங்க."

செங்கல்வராயன் மெல்லத் திரும்பி உதவியாளரைப் பார்த்தார்.

"சொன்னா நீங்க ஸ்கூட்டர்ல ஏறியிருப்பீங்களா?" என்றாள் அவள். "பொட்டலத்துல இன்னா கீதுன்னு எனக்கும் தெரிஞ்சாவணும்ல."

டாக்டர் ஒரு தாளில் வயிற்றையும் நெஞ்சையும் வரைந்து, நடுவில் ஒரு வளைகோடு போட்டார். ஜானகிராமனும் காசிநாதனும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தார்கள்.

"கர்ப்பப்பைக்கு உள்பக்கம் இருக்கற மாதிரித் திசு, சில பேருக்கு வேற இடத்துலயும் வளரும். வயித்துக்குள்ள வளர்றது நிறைய பேருக்கு உண்டு. ரொம்ப அபூர்வமா மேல ஏறி, வயித்தையும் நெஞ்சையும் பிரிக்கற இந்தத் தசையில உட்கார்ந்துக்கும். அதுலயும் பெரும்பாலும் வலது பக்கம்தான். மாசாமாசம் கர்ப்பப்பையில ரத்தம் வர்ற அதே நாள் அதுலயும் ரத்தம் வரும். ஆனா அங்க வெளிய போக வழி கிடையாது. நுரையீரலைச் சுத்தித் தேங்கிடும். இப்ப இது சந்தேகம்தான். கேமரா விட்டுப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். மாசாமாசம் வலி ரொம்ப இருக்குமா அவங்களுக்கு?"

"சுருண்டு படுத்துடுவா" என்றான் காசிநாதன். "ரெண்டு நாளு எழுந்துக்கவே முடியாது. அதனாலதான் நான் கடைக்குப் போறது."

"குழந்தை நிக்காததுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்."

ஜானகிராமன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாப்பிள்ளையை என்னென்ன சொல்லிக் குத்தினார் என்பது அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். தங்கையிடம் போய் நின்றார். அவள்தான் பேசினாள்.

"பதிமூணு வயசுலேர்ந்து வலிக்குது வலிக்குதுன்னு சொன்னேன்ணா. எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்னீங்க. இப்ப ரத்தம் வேற எடத்துலேர்ந்து வந்தவொடனே டிடெக்டிவ் கூட்டினு வரீங்க."

"தெரியலம்மா."

"கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னா உங்க மேலதான் குடுக்கணும்."

மணி ஐந்தரை. ஜானகிராமன் அன்றைக்கு எந்த ஸ்டேஷனுக்கும் போகவில்லை.

அடுத்த வாரம் விலா வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வலது பக்கத் தசையில் பழுப்பு நிறப் புள்ளிகள் ஏழு, ஊசி முனை அளவில் ஓட்டை இரண்டு. புள்ளிகளை எடுத்துவிட்டு ஓட்டைகளைத் தைத்தார்கள். பெண்கள் மருத்துவர், மாதவிடாயைச் சில மாதம் நிறுத்தி வைக்க ஊசி ஆரம்பித்தார். செப்டம்பர் மூன்று, புதன்கிழமை, செங்கல்வராயன் அலுவலகத்தில் எந்த வேலையும் ஓடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குக் கீர்த்தனாவே கூப்பிட்டாள். பள்ளி மைதானத்திலிருந்து பேசினாள். விசில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதி போதுமானதாக இருந்தது.

மீதிக் கதையைப் பிரிசில்லாவுக்கு அவள் பிறகு சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜானகிராமன் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாராம். ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் குடும்பத்து ஆண்கள் யாரும் பயன்படுத்தி அவள் கேட்டதில்லை.

"மாப்ள, வூட்ல ஏசி ஓடல. வந்து ஒரு பார்வ பாக்கறீங்களா? கீர்த்தனாவையும் கூட்டினு வாங்க. மீன் வாங்கியாந்து கீது."

காசிநாதன் போனான். ஏணி போட்டு ஏறி மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே புதுசு போல இருந்தது. வயரைத் தொடர்ந்து போனான். பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பினான். மச்சான் வாசல்படியில் நின்று மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

காசிநாதன் சுவிட்சைத் தொடவில்லை. மூடியைப் பழையபடி மாட்டினான். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் வைத்தான்.

"ஏசில கேஸ் கம்மியா கீது மச்சான்" என்றான். "மத்தியானம் வரைக்கும் இருந்து பாத்துட்டுதான் போவணும்."